ஐபிஎம் 5100: பேசிக் வருகிறது, ஏபிஎல் வரவில்லை

இருப்பது டொராண்டோ. மெஷின் ஐபிஎம் 5100 என்ற பழைய கணினி, 1975இல் வந்த, பேசிக், ஏபிஎல் என்ற இரண்டு நிரல் மொழியும் உள்ள மாடல். போன மாதம் வரை நன்றாக ஓடியது. இப்போது சுவிட்சை பேசிக் பக்கம் வைத்தால் ‘ரெடி’ வருகிறது. ஏபிஎல் பக்கம் வைத்தால் ஏபிஎல் தயார் என்று காட்டும் ‘கிளியர் டபிள்யூஎஸ்’ வராமல் திரை அப்படியே நின்றுவிடுகிறது.

ரீஸ்டார்ட் செய்தேன். கார்டுகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். சுவிட்சையும் 5 வோல்ட் சப்ளையையும் மீட்டரில் பார்த்தேன், சரியாகவே இருக்கின்றன.

பெருங்கணினிக்கு எழுதிய ஏபிஎல்லை அப்படியே ரோமில் (படிக்க மட்டுமே முடிகிற நினைவகம்) வைத்து, எமுலேஷன் (ஒரு கணினி இன்னொன்றைப் போல நடந்துகொள்வது) மூலம் ஓட்டும் அருமையான வடிவமைப்பு இது. பேசிக்குக்கு வேறு எமுலேஷன், வேறு ரோம். அதனால் ஏபிஎல் ரோம் கார்டு மீதுதான் சந்தேகம். ஏபிஎல்லுக்காகவே இதைப் பாதுகாக்கிறேன்.

பேசிக் பக்கம் ஓடும்போதே அந்த ரோமைப் படித்துச் சோதிக்க வழி இருக்கிறதா?