டைக் வீதியால் நடந்தவர்கள் சொல்லுங்கோ

உவர்மலைப் பிள்ளை:
திருகோணமலை டைக் வீதியைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. முன்னுக்கு வீதி, பின்னுக்குக் கடல், நடுவில் உப்புக் காற்றில் தோலுரியும் வீடுகள். போன சித்திரை விடுமுறையில் ஒரு பின்னேரம் மகளோடு நடந்தேன். ஒல்லாந்தர் காலத்து வீடொன்று. விறாந்தைத் தூண் இரண்டும் அப்படியே நிற்கின்றன, முகப்புப் பலகையில் வெட்டிய பூ பாதி இருக்கிறது. கதவு இருந்த இடத்தில் மட்டும் தகரம். அதற்கு மேலே சிவப்பும் பச்சையுமாய் அரைவட்டக் கண்ணாடி. வெயில் அதற்குள்ளால் போய் உள்ளே சீமெந்து நிலத்தில் பச்சையாய் விழுந்து கிடந்தது, தகரத்தின் இடுக்கால் தெரிந்தது.

படம் எடுக்கப் போனை உயர்த்தினேன். உள்ளேயிருந்து ஒரு குரல்: "கதவுக்கா பிள்ளை வந்தனீங்கள்? அது மாசியிலேயே போயிட்டுது."

பழைய தேக்குக் கதவு, கட்டில், அலுமாரி வாங்க லொறியில் வருவார்களே, அந்த ஆட்களில் ஒருத்தி என்று நினைத்துவிட்டார். "இல்லையம்மா, சும்மா படம்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அப்ப கண்ணாடிக்கோ?" என்றார்.

விலை பேசத் தயாரான குரல் அது. படம் எடுக்காமல் வந்துவிட்டேன்.

கோட்டைவாசல்:
தங்கச்சி, தயவுசெய்து எல்லாவற்றையும் ஒல்லாந்தர் காலம் என்று சொல்லாதீர்கள். 1795இல் கோட்டையை ஆங்கிலேயன் பிடித்தாயிற்று. நிறக் கண்ணாடியும் பூவெட்டிய முகப்புப் பலகையும் அதற்கு நெடுநாள் பின்னால் வந்த மோஸ்தர். ஒல்லாந்தர் வீடு பார்க்க வேண்டுமென்றால் உள்துறைமுக வீதிக்குப் போங்கள், கடற்படை அருங்காட்சியகமாக இருக்கிறதே, அது.

சரி, என் கதை. லண்டனிலிருந்து வந்த மருமகனுக்கு ஒன்பது வயது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டை வாசலில் நிறுத்தி, நிலைக்கல்லில் இருக்கும் இரட்டை மீனையும் தமிழ் எழுத்தையும் காட்டினேன். கோயிலை இடித்த கல்லில்தான் போர்த்துக்கேயப் பறங்கி கோட்டை கட்டினான் என்று வழக்கமான பாடத்தையும் சொன்னேன். பெடியன் எழுத்துக்குள் விரலை விட்டுத் தடவி, 'ன' என்று ஒன்றைக் கண்டுபிடித்தான். அப்புறம் கேட்டான்: "இடிச்ச ஆக்கள் இதை ஏன் எல்லாரும் பாக்கிற மாதிரி வாசல்ல வச்சவை?"

எனக்குப் பதில் வரவில்லை. பின்னால் ஓட்டோக்காரன் ஹோர்ன் அடிக்கிறான். அந்த நேரம் பார்த்துக் கோட்டை மான் ஒன்று வந்து அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பெடியன் கேள்வியை மறந்துவிட்டான், நான்தான் மறக்கவில்லை.

பாலையூற்று மேசன்:
நான் அந்த வீதியில் வேலை செய்தவன். ஒரு வீட்டுச் சுவருக்கு முதலாளி சொன்னபடி சீமெந்து பூசிக் கொடுத்தேன். இரண்டாவது மாரி முடிய முழுப் பூச்சும் ஒரே பாளமாக, அவர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கதிரைக்குப் பக்கத்தில் விழுந்தது. நல்லவேளை.

பழைய வீடு வைத்திருப்பவர்கள் கேளுங்கள். அந்தச் சுவர்கள் கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும். ஈரத்தை இழுக்கும், பிறகு தானே விட்டுவிடும். சீமெந்து பூசினால் வழி அடைபடும். உள்ளே நிற்கும் உப்பு பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். ஆகவே சீமெந்தைக் கல் தெரியும்வரை சுரண்டி எடுங்கள், ஒரு கோடை முழுக்கச் சுவரைச் சும்மா காயவிடுங்கள். நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு ஆற்று மணல் போட்டு, மெல்லிசாக இரண்டு மூன்று தரம் பூசுங்கள். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கிறதே என்று கடல் மணலை அள்ளாதீர்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் பெயின்றும் வேண்டாம், வெள்ளை அடித்தால் போதும். முக்கியமாக, மழைத்தண்ணீர் வடியும் கூரைப் பீலியைத் துப்புரவாக்குங்கள். பாதி வீடு பீலியால்தான் விழுகிறது.

மட்டிக்களியான்:
மேசன் அண்ணை, அந்த அம்மாவுக்குக் கதவே இல்லை. நீங்கள் பூச்சுக்குக் கலவை சொல்கிறீர்கள்!

அடுத்ததாகத் தொல்பொருள் சட்டம் காப்பாற்றும் என்று யாராவது வருவார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தானாகப் பாதுகாப்பது 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றை. கோட்டைவாசல் சொன்ன கணக்குப்படி அந்த வீடு அதற்குள் வராது. தனியாக வர்த்தமானியில் அறிவித்தால்தான் உண்டு.

எஸ்பிளனேட் சேமக்காலை மதிலுக்கு மேலால் பந்து போனால் ஏறிக் குதித்து எடுத்த ஆள் நான். கல்லறைகளில் எழுத்து இருக்கும், யார் வாசித்தார்கள்? ஒரு கல்லைத்தான் விக்கெட் கீப்பர் நிற்குமிடம் என்று பேசிக்கொள்வோம். போன வருடம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வழி கேட்டார்கள். சார்ள்ஸ் ஆஸ்டினின் கல்லறையாம். கடற்படைத் தளபதி, 1852இல் பர்மாவில் இறந்தவர், ஜேன் ஆஸ்டின் என்ற நாவலாசிரியையின் தம்பி. கூட்டிக்கொண்டு போனேன். அந்த மனுசி குனிந்து சருகை ஒதுக்கியபோது பார்க்கிறேன், எங்களுடைய கீப்பர் கல். மனுசி கண்ணைத் துடைக்கிறார். நான் இந்த ஊர்க்காரன் என்று எந்த வாயால் சொல்வது?

கோட்டைவாசல்:
கீப்பர் கல்லாவது அங்கேயே கிடக்கிறது. யாரும் லொறியில் ஏற்றவில்லை.

உவர்மலைப் பிள்ளை:
காலக்கணக்குக்கு நன்றி அண்ணை, திருத்திக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மா என்னிடம் எந்தக் காலம் என்று கேட்கவில்லை.

கொட்டியாரம்:
நேற்று மீன் வாங்கிக்கொண்டு அந்த வீதியால் வந்தேன். நீங்கள் சொன்ன வீடுதான் என்று நினைக்கிறேன், தூண் இரண்டும் நிற்கின்றன. தகரம் மேலே கூரைவரைக்கும் போய்விட்டது.