டைட்டானியா கலந்த பிவிடிஎஃப் மெம்பிரேன்: ஃப்ளக்ஸ் குறைகிறது, சாயமும் தப்புகிறது. ஏன்?

நொய்யல்கரை:
திருப்பூர் சாயக் கழிவுநீருக்காக நானோ துகள் கலந்த யுஎஃப் (அல்ட்ரா ஃபில்ட்ரேஷன்) வடிகட்டி மெம்பிரேன் வார்க்கிறேன். 100 கிராம் டோப்பில் (வார்க்கும் கரைசல்) மெம்பிரேனாகும் பாலிமர் பிவிடிஎஃப் 17 கிராம், நீரில் கரையும் பாலிமரான பிவிபி கே30 2 கிராம், பி25 என்ற டைட்டானியம் டை ஆக்சைடு (டைட்டானியா) நானோ பொடி 3 கிராம், மீதி 78 கிராம் என்எம்பி கரைப்பான். பாலிமர் கரைந்த பிறகு துகளைப் போட்டு 6 மணி நேரம் காந்தக் கலக்கியில் விடுகிறேன். கண்ணாடித் தட்டில் 200 மைக்ரான் கத்தி, பிறகு படலம் உறைய 25 டிகிரி தண்ணீர்த் தொட்டி.

துகள் இல்லாத மெம்பிரேனின் ஃப்ளக்ஸ் (ஒரு சதுர மீட்டர் வழியே மணிக்குக் கடக்கும் லிட்டர்) 1 பாரில் 120, துகள் போட்டதில் 85. பரப்பில் வெள்ளைப் புள்ளிகள் வேறு. ரியாக்டிவ் பிளாக் 5 சாயத்தை லிட்டருக்கு 100 மி.கி. கொடுத்தால் முதல் 20 நிமிடம் 90% நிறம் போகிறது. 2 மணி நேரத்தில் 30%க்கு வந்துவிடுகிறது. துகளை 5 கிராமாகக் கூட்டிப் பார்க்கலாமா?

வார்ப்புக்கத்தி:
கூட்டாதீர்கள், பத்தில் ஒன்றாகக் குறையுங்கள். 3% என்று ஏதாவது கட்டுரையில் பார்த்திருப்பீர்கள். அது டோப் எடையில் 3%ஆ, பாலிமர் எடையில் 3%ஆ? நீங்கள் போட்டது 17 கிராம் பாலிமருக்கு 3 கிராம், அதாவது கிட்டத்தட்ட 17.6%. இவ்வளவு போட்டால் டோப் கெட்டியாகிவிடும், தொட்டியில் தண்ணீரும் என்எம்பியும் இடம் மாறுவது மந்தமாகும், விரல் போன்ற நீளத் துளைகள் சுருங்கும். துகளின் நீர் நாட்டத்தால் கிடைக்க வேண்டிய லாபத்தை இதுவே தின்றுவிடுகிறது. 0.2 முதல் 0.35 கிராமுக்குள் மூன்று அளவுகளில் வார்த்துப் பாருங்கள்.

வெள்ளைப் புள்ளிகள் திரண்ட துகள்கள்தான். பி25இன் அடிப்படைத் துகள் 21 நானோமீட்டர் அளவு; ஆனால் பொடியாக அது திரளாகவே வரும். கெட்டியான டோப்பில் காந்தக் கலக்கியால் அதைப் பிரிக்கவே முடியாது. வரிசையைத் தலைகீழாக்குங்கள்:

பொடியை 110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்துங்கள். வெறும் என்எம்பியில் போட்டு, ஐஸ் தொட்டியில் வைத்து, புரோப் சோனிகேட்டரில் (மீயொலியால் திரளை உடைக்கும் கருவி) 5 விநாடி ஓட்டி 5 விநாடி நிறுத்தி மொத்தம் 30 நிமிடம். அடுத்து பிவிபி; துகள்கள் மறுபடி ஒட்டாமல் அது கொஞ்சம் தடுக்கும். கடைசியாக பிவிடிஎஃப், சிறுகச் சிறுக, 60–65 டிகிரியில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல். கொஞ்சம் டோப்பை சோதனைக் குழாயில் ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். அடியில் வண்டல் தெரிந்தால் அந்த டோப்பை வார்க்கவே வேண்டாம்.

மழை நாளில் வார்த்தால் தட்டு தொட்டிக்குப் போகுமுன்பே படலம் வெளுக்கும். அது துகள் கோளாறு அல்ல, காற்றின் ஈரத்தை என்எம்பி இழுப்பது. அறை ஈரப்பதத்தையும் குறித்து வையுங்கள்.

(என்எம்பிக்கு நைட்ரைல் கையுறை போதாது, பியூட்டைல் ரப்பர் வாங்குங்கள். தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கழிவுநீர் ஆராய்ச்சிக்கு அது அழகல்ல.)

ஆய்வகமேசை:
மேலே சொன்னது ஃப்ளக்ஸுக்குச் சரி. சாயம் தப்புவது வேறு கதை. ரியாக்டிவ் பிளாக் 5இன் மூலக்கூறு எடை சுமார் 992. அந்தச் சின்ன மூலக்கூறுக்கு யுஎஃப் துளை வாசல் திறந்த வீடு. முதல் 20 நிமிடம் 90% காட்டியது வடிகட்டல் அல்ல, ஒட்டிக்கொள்ளல். ஒட்டும் இடம் நிரம்பியதும் சாயம் நேராகக் கடந்துவிடுகிறது. உறுதிசெய்ய, வடிகட்டும் செல்லுக்குள் மிஞ்சும் நீரின் சாயச் செறிவையும் அளந்து பாருங்கள். மெம்பிரேன் நிஜமாகத் தடுத்திருந்தால் அங்கே செறிவு ஏற வேண்டும். ஏறாமல் இருந்தால் சாயம் மெம்பிரேனில்தான் உட்கார்ந்திருக்கிறது.

பிஎச்சையும் பாருங்கள். டைட்டானியாவின் பரப்பு ஏறத்தாழ 6க்குக் கீழே நேர்மின், மேலே எதிர்மின். உங்கள் சாயம் சல்போனேட் வகை, எதிர்மின் கொண்டது. சாயத்தொட்டிக் கழிவு காரமாகவே வரும் என்பதால், ஆய்வகத்தில் பிஎச் 5இல் கிடைத்த ஒட்டல்கூட அங்கே கிடைக்காது. கழுவும்போது காஸ்டிக்கை பிஎச் 11க்கு மேல் ஏற்றினால் பிவிடிஎஃப் பழுப்பாகி நொறுங்கத் தொடங்கும். காரம் தவிர்க்க முடியாதென்றால் பிஇஎஸ் (பாலிஈதர் சல்போன்) பாலிமருக்கு மாறுங்கள்.

நொய்யல்கரை:
நன்றி. அப்படியானால் இதே மெம்பிரேன்மேல் புற ஊதா விளக்கு போட்டால் டைட்டானியா சாயத்தைச் சிதைக்காதா? துகள் கழன்று தண்ணீரில் வருகிறதா என்று ஐசிபியில் (உலோக அளவைக் காட்டும் கருவி) பார்த்தேன், பூஜ்யம்தான்.

ஆய்வகமேசை:
பூஜ்யத்தை நம்ப வேண்டாம். மாதிரியை நைட்ரிக் அமிலத்தில் மட்டும் செரித்திருந்தால் டைட்டானியா கரைந்தே இருக்காது. அடர் கந்தக அமிலமும் அம்மோனியம் சல்பேட்டும் சேர்த்துச் சூடாக்க வேண்டும். தெரிந்த அளவு பி25ஐத் தண்ணீரில் கலந்து அதே முறையில் ஓட்டுங்கள். போட்டது திரும்பி வந்தால்தான் அளவீடு செல்லும்.

விளக்கு விஷயம்: துகளில் பெரும்பகுதி பாலிமருக்குள் புதைந்திருக்கிறது, ஒளியும் சாயமும் அதைத் தொடுவதில்லை. நிறமான நீரே ஒளியை விழுங்கும். கழிவுநீரின் உப்பிலுள்ள குளோரைடும் பைகார்பனேட்டும், சாயத்தைச் சிதைக்க வேண்டிய ரேடிக்கலைப் பிடித்துக்கொள்ளும். பிவிடிஎஃப் ஓரளவு தாங்கினாலும் உள்ளே மிஞ்சிய பிவிபி சிதையும். பிஇஎஸ் என்றால் சீக்கிரமே மஞ்சளாகும்.

வார்ப்புக்கத்தி:
யுஎஃப்பின் வேலை ஆர்ஓவுக்கு முன்னால் கூழ்மத்தையும் உயிரியல் தொட்டியின் மிச்சத்தையும் பிடிப்பது. துகளால் வரும் நன்மையை அங்கேதான் தேட வேண்டும், சாய நீக்கத்தில் அல்ல. 2 பாரில் ஒரு மணி நேரம் அழுத்திவிட்டு 1 பாருக்கு இறக்கித் தூய நீர் ஃப்ளக்ஸ் எடுங்கள். பிறகு சுத்திகரித்த கழிவுநீர் 2 மணி நேரம், வெறும் தண்ணீரில் 20 நிமிடக் கழுவல், மறுபடி தூய நீர் ஃப்ளக்ஸ். பின்னதை முன்னதால் வகுத்தால் மீட்பு விகிதம். துகள் போட்டதிலும் போடாததிலும் இந்த எண் ஒன்றாகவே வந்தால் துகளுக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

சாயத்தையே பிடிக்க வேண்டுமென்றால் இதை அடித்தளமாக வைத்து மேலே நானோ ஃபில்ட்ரேஷன் படலம் போடுங்கள்: 1% பைபரசின் தண்ணீரில் 2 நிமிடம், மேல் துளிகளை உருளையால் ஒற்றி எடுத்துவிட்டு, ஹெக்சேனில் 0.1% டிரைமெசாயில் குளோரைடு 30–60 விநாடி, 60 டிகிரி அடுப்பில் 5 நிமிடம். ஒரு எச்சரிக்கை: உங்கள் சாயப்பட்டறை சாதா உப்பு (சோடியம் குளோரைடு) போடுகிறதா, கிளாபர் உப்பா (சோடியம் சல்பேட்) என்று முதலில் கேளுங்கள். குளோரைடு பெரும்பாலும் கடந்துவிடும், மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்பலாம். சல்பேட்டை இந்தப் படலம் சாயத்தோடு சேர்த்தே நிறுத்திவிடும்.