டிவிடெண்ட் வந்த கதையைச் சொல்லுங்கள்

கோயம்புத்தூரிலிருந்து:

நானே ஆரம்பிக்கிறேன், மானம் போனாலும் பரவாயில்லை. டிவிடெண்ட் என்றால் கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் பணம். 2004 ஏப்ரலில் இன்ஃபோசிஸ் 2000 சதவீதம் சிறப்பு டிவிடெண்ட் தருகிறது என்று செய்தி. என்னிடம் பத்துப் பங்குகள் இருந்தன. ஒன்று ஐயாயிரம் ரூபாய் பக்கம் போய்க்கொண்டிருந்த நேரம். ஐம்பதாயிரத்துக்கு இருபது மடங்கு, ஆக பத்து லட்சம்! கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. வீட்டில் சொல்லியும் விட்டேன். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமனார் மட்டும், "மாப்பிள்ளை, முகமதிப்பு எவ்வளவுன்னு பார்த்தீங்களா?" என்றார்.

முகமதிப்பு என்றால் பங்கின் மேல் எழுதியிருக்கும் மூல மதிப்பு, சந்தை விலை இல்லை. டிவிடெண்ட் சதவீதம் அதன் மேல்தான். இந்தப் பங்குக்கு அது 5 ரூபாய். அதில் 2000 சதவீதம் என்றால் 100 ரூபாய். பத்துப் பங்குக்கு ஆயிரம். சந்தை விலையோடு வைத்துப் பார்த்தால் 2 சதவீதம்தான்.

இரண்டாவது தப்பு அதைவிடப் பெரியது. அந்தப் பணம் கம்பெனியின் ஆண்டு வருமானம் நூறு கோடி டாலரைத் தாண்டிய சந்தோஷத்தில் ஒரே ஒரு தடவை கொடுத்தது. அடுத்த வருஷமும் வரும் என்று காத்திருந்தேன். வழக்கமான டிவிடெண்ட்தான் வந்தது. லாபத்தில் பெரும்பகுதியை ஆள் எடுக்கவும் வளாகம் கட்டவும் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. 2006-இல் வெள்ளிவிழாவுக்கு மறுபடி பங்குக்கு 30 ரூபாய் சிறப்பு டிவிடெண்ட் வந்தது. அப்போதும் மனசு ஆறவில்லை, 2008-இல் விற்றுத் தொலைத்தேன்.

2004-இல் ஒன்றுக்கு மூன்று போனஸ் (இலவசப் பங்குகள்), 2006, 2014, 2015, 2018 என்று நான்கு முறை ஒன்றுக்கு ஒன்று. விற்காமல் வைத்திருந்தால் அந்தப் பத்து இன்றைக்கு 640 ஆகியிருக்கும். மாமனார் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சியாட்டில் பக்கமிருந்து:

அண்ணா, நான் அப்போது மைக்ரோசாஃப்ட்டில் இருந்தேன். 1986-இல் பங்குச் சந்தைக்கு வந்த கம்பெனி, 2003 வரை ஒரு காசு டிவிடெண்ட் தந்ததில்லை. முதல் தடவை பங்குக்கு 8 சென்ட் என்று அறிவித்தபோது, கேண்டீனில் எங்கள் சீனியர் ஒருவர் துக்க வீட்டில் பேசுகிற குரலில் "நமக்கும் வயசாயிடுச்சு" என்றார். முதலீடு செய்ய இடமிருந்தால் பணத்தை ஏன் திருப்பித் தருகிறார்கள் என்பது அவர் கேள்வி. எட்டு சென்ட்டுக்கு இவ்வளவு சோகமா என்று நான் சிரித்தேன்.

அடுத்த வருஷம் பங்குக்கு 3 டாலர், மொத்தம் 3,200 கோடி டாலர் அளவுக்குச் சிறப்பு டிவிடெண்ட். ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் பெருமையடித்தேன். ஆனால் நவம்பரில் டிவிடெண்ட் உரிமை கழிந்த அன்று, அதாவது அன்றிலிருந்து வாங்குகிறவர்களுக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது என்ற நாளில், 30 டாலரை ஒட்டி இருந்த பங்கு 27-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் வைத்த மாதிரி. பங்கை விடக் கையில் ஆப்ஷன்களை (முன்பே குறித்த விலையில் பின்னால் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை) அதிகம் வைத்திருந்த எங்களுக்கு இன்னொரு கவலை. ஆப்ஷனுக்கு டிவிடெண்ட் கிடையாது, விலை மட்டும் இறங்கும். நல்லவேளை, அதை ஈடுகட்ட எங்கள் ஆப்ஷன்களைத் திருத்தியமைக்கப் பங்குதாரர்களிடம் ஓட்டு வாங்கியிருந்தார்கள்.

சென்னையிலிருந்து:

பெரிய கம்பெனி கதைகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கம்பெனி. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்திய சாஃப்ட்வேர் நிறுவனம், பெயர் வேண்டாம். மூன்றாவது வருஷம் ஆடிட்டர் கணக்கை முடித்து, நல்ல லாபம் என்றார். கூட்டாளி ஒருவருக்கு வீட்டுக் கடன் நெருக்கடி, டிவிடெண்ட் எடுக்கலாம் என்றார். நானும் தலையாட்டினேன். எனக்கும் ஆசைதான்.

லாபம் ஏட்டில் இருந்தது, பாங்கில் இல்லை. இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் பில்லுக்குப் பணம் தராமல் மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். டிவிடெண்ட் அறிவித்துவிட்டால் ஐந்து நாளில் தனிக் கணக்கில் போட வேண்டும், முப்பது நாளில் கொடுத்து முடிக்க வேண்டும், சட்டம் அப்படி. போட்டோம். அந்த மாதச் சம்பளத்துக்கு ஓவர்டிராஃப்டில், அதாவது கணக்கில் இருப்பதைவிட அதிகமாக எடுக்க பாங்க் தரும் கடனில், கை வைத்தோம். அடுத்த மாதமும். ஒரு புது புராஜெக்ட்டுக்கு ஆறு பேரை எடுக்க வேண்டியிருந்தது, அட்வான்ஸ் செலவுக்குக் காசில்லாமல் அதை விட்டுவிட்டோம். எனக்கு வந்த டிவிடெண்டில் வாங்கிய ஸ்கூட்டர் இன்னும் ஓடுகிறது. கம்பெனி அதற்கப்புறம் இரண்டு வருஷம்தான் ஓடியது.

மதுரையிலிருந்து:

கோயம்புத்தூர்த் தம்பிக்கு ஆறுதலாக ஒன்று. நான் அதே இன்ஃபோசிஸ் பங்கை ரிட்டையர் ஆன பிறகுதான் வாங்கினேன், டிவிடெண்டுக்காகவே. எல்லாச் செலவும் போக மிஞ்சும் ரொக்கத்தில் 70 சதவீதம் வரை தருவோம் என்று 2017-இல் சொன்னார்கள். 2019-இல், ஐந்து வருஷக் கணக்கில் 85 சதவீதம் என்று உயர்த்தினார்கள், டிவிடெண்டும் பைபேக்கும் (கம்பெனியே தன் பங்கைத் திரும்ப வாங்குவது) சேர்த்து. நீங்கள் கஞ்சன் என்று திட்டிய கம்பெனிதான் இது.

எனக்கு உறுத்துவது வரிதான். 2020 மார்ச் வரை டிவிடெண்ட் வரியைக் கம்பெனியே கட்டியது. இப்போது நம் வருமானத்தோடு சேர்கிறது. ஒரு கம்பெனியிலிருந்து வருஷத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரியாக முன்கூட்டியே பிடித்தார்கள். 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 10,000. வரி கட்டத் தேவையில்லாத, அறுபது வயதைத் தாண்டியவர்கள், வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் படிவத்தை மறக்காமல் கொடுங்கள். நான் ஒரு வருஷம் மறந்துவிட்டு, ரீஃபண்டு எப்போது வரும் என்று தினமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.