காயத்தோடு பாதியில் விலகினால் கோழையா?

கேள்வி: 2000 ஏப்ரல் 1, பெர்லினில் குத்துச்சண்டை பட்டப் போட்டி. கிறிஸ் பேர்டுக்கு எதிராக விட்டாலி கிளிட்ச்கோ மூன்று நடுவர்களின் கணக்கிலும் முன்னிலை. 9 சுற்று முடிந்ததும் தோள் வலி என்று ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். பட்டமும் போச்சு. மீதி 3 சுற்றை விலகி ஓடியே சமாளித்திருக்கலாமே?

பதில்: எப்படிங்க? கிழிந்தது இடது தோள் தசைநார். அவர் ஜாப் (கையை நேராக நீட்டிப் போடும் வேகக் குத்து) அடிக்கும் கை அதுதான். அது நீளாவிட்டால் எதிராளியைத் தூரத்தில் நிறுத்த முடியாது. தூக்கி முகத்தை மறைக்கவும் முடியாது.

பதில்: பேர்டு பெரிய குத்துக்காரர் இல்லையே! விமர்சனத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு.

பதில்: 2020இல் ஜோ ஜாய்ஸிடம் டேனியல் டுபுவா 10ஆம் சுற்றில் மண்டியிட்டு விலகியபோதும் திட்டினார்கள். கண்குழி எலும்பு உடைந்திருந்தது. தொடர்ந்தால் பார்வைக்கே ஆபத்து. விட்டாலியோ 2003இல் லெனாக்ஸ் லூயிஸுடன் மோதியபோது கண்ணிமை கிழிந்தும் தொடரத்தான் கேட்டார். 6 சுற்றுக்குப் பின் நிறுத்தியது மருத்துவர்.