ஒரே ரன்டைமில் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும்: பொருளை நேரடியாகக் கொடுக்கலாமா, ஜேசானாக மாற்ற வேண்டுமா?

வெண்மணல் (கேள்வி)

பல மொழிகளின் குறியீட்டை ஒன்றாக ஓட்டும் ரன்டைமான கிரால்விஎம் மீது ஓடும் ஜாவா சேவை ஒன்று. ஒரே கான்டெக்ஸ்டுக்குள் (குறியீடு ஓடும் தனிச் சூழல்) கணக்கீடு பைத்தானில், விலை விதிகள் ஜாவாஸ்கிரிப்டில். இதுவரை பைத்தான் தரும் விடையை ஜேசான் என்ற உரை வடிவத்தில் சரமாக்கி, மறுபக்கம் பார்ஸ் செய்தோம். அதை விட்டுவிட்டு பைத்தானின் டிக்ஷனரியை (சாவியும் மதிப்பும் கொண்ட தொகுப்பு) அப்படியே கொடுத்துப் பார்த்ததில் மூன்று சிக்கல்கள்.

ஒன்று, டிக்ஷனரியில் 'ஐட்டம்ஸ்' என்று ஒரு சாவி உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் புள்ளி வைத்து அதைப் படித்தால், உள்ளே இருக்கும் லிஸ்டுக்குப் பதிலாக ஏதோ மெத்தட் வருகிறது. இரண்டு, ஜாவாஸ்கிரிப்டிலிருந்து வரும் மில்லிசெகண்ட் நேரம் பைத்தானில் புள்ளி பூஜ்யத்தோடு ஃப்ளோட்டாக நிற்கிறது. சிறிய எண்கள் ஒழுங்காக இன்ட்டாகவே வருகின்றன. மூன்று, 2,00,000 வரிசைகளை ஜாவா பக்கத்தில் லூப் போட்டு ஒவ்வொன்றாக எடுத்தால் பழைய ஜேசான் வழியைவிட மெதுவாக இருக்கிறது. மாற்றமே இல்லாமல் பொருளைக் கொடுத்தால் வேகம் கூடத்தானே வேண்டும்?

தறிமேடை

முதலில் ஒன்றைச் சரிசெய்துகொள்வோம். பொருள் மறுபக்கம் போவதே இல்லை. டிக்ஷனரி பைத்தானுடையதாகவே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் அதற்குச் செய்திதான் அனுப்புகிறது. என்ன பதில் சொல்வது என்பதைப் பொருளுக்குச் சொந்தமான மொழி முடிவு செய்யும். 2015-இல் மத்தியாஸ் கிரிம்மர், கிறிஸ் சீட்டன் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வின் மையமே இதுதான்: இரு மொழிகளுக்கும் பொதுவான பொருள் வடிவம் தேவையில்லை, பொதுவான செய்திகள் இருந்தால் போதும். 2019-இல் வந்த 19.0 பதிப்பிலிருந்து இந்தச் செய்திகள் 'இன்டெராப் லைப்ரரி' என்ற பெயரில் இருக்கின்றன.

எனவே ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் கேட்க வேண்டியது: இது எந்தச் செய்தியாக மாறுகிறது? ஜாவாஸ்கிரிப்டில் புள்ளி வைத்துப் படித்தால் 'ரீட் மெம்பர்' போகும். சதுர அடைப்பில் எண் போட்டால் 'ரீட் அரே எலிமென்ட்'. சார்பை அழைத்தால் 'எக்ஸிக்யூட்'. பொருளின் மெத்தடை அழைத்தால் 'இன்வோக் மெம்பர்'. டிக்ஷனரிச் சாவிக்கோ தனியாக 'ரீட் ஹாஷ் வேல்யூ' என்ற செய்தி இருக்கிறது. பைத்தானில் பண்பும் சாவியும் வேறுவேறு. ஜாவாஸ்கிரிப்டில் இரண்டும் ஒன்று. நீங்கள் அனுப்பியது 'ரீட் மெம்பர்', அதனால் பைத்தான் டிக்ஷனரியின் பண்பைத் தேடிப் பார்த்து, எல்லா டிக்ஷனரியிலும் இருக்கும் 'ஐட்டம்ஸ்' மெத்தடைக் கொடுத்திருக்கிறது. கேட்டதற்குச் சரியான பதில்தான் அது.

தீர்வு எளிது. ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் டிக்ஷனரியின் 'கெட்' மெத்தடைச் சாவியோடு அழையுங்கள். அல்லது பைத்தான் பக்கத்தில் 'டைப்ஸ்' மாட்யூலின் 'சிம்பிள் நேம்ஸ்பேஸ்' கொண்டு டிக்ஷனரியைச் சுற்றிக் கொடுங்கள். சாவிகள் பண்புகளாகிவிடும், புள்ளி வைத்துப் படிக்கலாம். ஆனால் அது மேல் அடுக்கை மட்டுமே மாற்றும். உள்ளே இருக்கும் டிக்ஷனரிகள் டிக்ஷனரிகளாகவே இருக்கும், அதே பிழை ஒரு படி கீழே போய் ஒளிந்துகொள்ளும். இரு மொழிகளுக்கிடையே நிலையாகப் போய்வரும் தரவு என்றால், பைத்தானில் அதற்கென்று ஒரு டேட்டாகிளாஸ் (புலங்களைப் பண்புகளாக வைக்கும் வகுப்பு) எழுதிவிடுவதே நல்லது என்பேன்.

இன்னொன்று: வெவ்வேறு மொழிகளில் 'மதிப்பு இல்லை' என்பதைக் குறிக்கும் நல், அன்டிஃபைன்ட், நன், நில் எல்லாமே 'ஈஸ் நல்' செய்திக்கு ஆம் என்றுதான் சொல்லும். ஜாவாஸ்கிரிப்டில் நல்லுக்கும் அன்டிஃபைன்டுக்கும் வேறு வேறு பொருள் வைத்து விதி எழுதியிருந்தால், எல்லையைத் தாண்டும்போது அந்த வேறுபாட்டை நம்பாதீர்கள்.

கரைச்சுற்று

எண் விஷயத்துக்கு வருகிறேன். கிரால்விஎம்-இன் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் முழு எண்ணை உள்ளே 32 பிட் இன்ட்டாக வைத்துக்கொள்ள முயலும். 2147483647-ஐத் தாண்டினால் வெளியே டபிளாகத்தான் (தசமப் புள்ளி எண் வகை) கொடுக்கும். மில்லிசெகண்ட் நேரத்துக்கு 13 இலக்கம், அதனால் அது எப்போதும் டபிள். பைத்தான் டபிளை ஃப்ளோட்டாகப் பார்க்கிறது. அதை லிஸ்டின் இண்டெக்ஸாகவோ ரேஞ்சுக்கோ கொடுத்தால் டைப் எரர் வரும். எல்லையிலேயே 'இன்ட்' போட்டு மாற்றிவிடுங்கள், உள்ளே ஆங்காங்கே போடாதீர்கள். எதிர்த்திசையில், பைத்தான் தரும் ஐடி எண் 9007199254740991-ஐத் தாண்டக்கூடும் என்றால் சரமாக அனுப்புங்கள். அதற்கு மேல் டபிளில் ஒவ்வொரு முழு எண்ணுக்கும் இடமில்லை.

சரங்களிலும் ஒரு பொறி உண்டு. சாதாரணத் தமிழ் எழுத்துகளுக்கு இரு மொழிகளும் ஒரே நீளம்தான் சொல்லும்: 'தமிழ்' என்றால் இரண்டிலும் 5. பெரும்பாலான ஒற்றை இமோஜிக்குப் பைத்தான் 1, ஜாவாஸ்கிரிப்ட் 2. தமிழ்ப் பின்னக் குறிகள் இருக்கும் யூனிகோடின் 11எஃப்சி0 தொகுதிக்கும் அப்படியே. சரத்தைக் கொடுங்கள், சரத்துக்குள் இருக்கும் இட எண்ணைக் கொடுக்காதீர்கள்.

நெடுவயல்

வேகம்: உங்கள் லூப் இருக்கும் இடம்தான் தவறு.

ஜாவாவிலிருந்து 'வேல்யூ' (பிற மொழிப் பொருளைச் சுற்றிய ஜாவா உறை) மூலம் ஓர் உறுப்பை எடுக்கும் ஒவ்வொரு முறையும் கான்டெக்ஸ்டுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும், விடையை இன்னொரு 'வேல்யூ'வாகச் சுற்ற வேண்டும். 2,00,000 வரிசை, வரிசைக்கு 5 புலம் என்றால் 10 லட்சம் நுழைவுகள். பைத்தான் லிஸ்டை ஜாவாஸ்கிரிப்ட் சார்புக்கு ஒரே அழைப்பில் கொடுத்து, லூப்பை அந்தச் சார்புக்குள் வையுங்கள். நுழைவு ஒன்றுதான். உள்ளே போகும் செய்திகளைக் கம்பைலர் முழுமையாகப் பார்க்கும்: அந்த இடத்துக்கு வரும் பொருளின் வகையை நினைவில் வைத்து, பைத்தான் லிஸ்ட் உறுப்பை எடுக்கும் குறியீட்டை ஜாவாஸ்கிரிப்ட் லூப்புக்குள்ளேயே விரித்துவிடும். ஜாவா மெத்தடை அழைக்கும்போது இந்த விரிப்பு நடக்காது. சூடான லூப்புக்குள் ஜாவாவுக்குத் தாவாதீர்கள்.

இது கெட்டுப்போகும் வழி: ஒரே அழைப்பிடத்துக்குப் பல வகைப் பொருள்கள் வருவது. நினைவில் வைக்கும் வகைகளுக்கு அங்கே வரம்பு உண்டு, அது சில வகைகள்தான். தாண்டினால் பொதுவான மெதுவழிக்குப் போய்விடும். பைத்தான் லிஸ்ட், ஜாவா லிஸ்ட், ஜாவாஸ்கிரிப்ட் அரே, ப்ராக்ஸி (பிற மொழிப் பொருள் போல நடிக்கும் ஜாவா பொருள்) என நான்கையும் ஒரே உதவிச் சார்பு வழியாக விடாதீர்கள்.

அளக்கும்போது கவனம். தொடங்கும்போது ஃபால்பேக் ரன்டைம் பற்றிய எச்சரிக்கை வருகிறதா? வந்தால் கம்பைலரே இல்லை, வெறும் இன்டர்ப்ரெட்டரில் ஓடுகிறது. அந்த எண்களைத் தூக்கிப் போடுங்கள். எச்சரிக்கையை அணைக்கும் ஆப்ஷனைத் தேடுவது தீர்வல்ல, கிரால்விஎம் ஜேடிகே-யில் ஓட்டுங்கள். அதிலும் முதல் அடுக்குக் கம்பைலுக்கு 400, கடைசி அடுக்குக்கு 10,000 (அழைப்புகளும் லூப் சுற்றுகளும் சேர்த்து) என்பவை இயல்பு வரம்புகள். பத்து முறை ஓட்டிவிட்டு முடிவு சொல்ல முடியாது.

ஜேசான் எல்லா இடத்திலும் தோற்கும் என்றும் இல்லை. தரவு சிறியது, ஒரே முறைதான் படிக்கப்படும் என்றால் நகலெடுத்துக் கொடுப்பதே தெளிவு.

வெண்மணல்

லூப்பை ஜாவாஸ்கிரிப்டுக்குள் மாற்றினேன், வேகத்தில் நல்ல வித்தியாசம் தெரிகிறது. நன்றி. இன்னும் இரண்டு: விதிகளுக்கு ஒரு ஜாவா ஆப்ஜெக்டையும் கொடுக்கிறோம், அதன் பொது மெத்தட் 'அன்னோன் ஐடென்டிஃபையர்' என்று விழுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு கோரிக்கை வந்தால் 'இல்லீகல் ஸ்டேட்' எக்ஸெப்ஷன்.

தறிமேடை

முதலாவது அனுமதி விஷயம். ஹோஸ்ட் அணுகல் (ஜாவா பொருள்களைத் தொட மற்ற மொழிகளுக்குள்ள அனுமதி) இயல்பாக 'எக்ஸ்பிளிசிட்' நிலையில் இருக்கும். மெத்தட் பொதுவானதாக இருந்தாலும் அதன் மேல் 'ஹோஸ்ட் ஆக்ஸஸ் எக்ஸ்போர்ட்' குறிப்பு இல்லையென்றால் விருந்தினர் மொழிக்கு (இங்கே ஜாவாஸ்கிரிப்ட்) அது இல்லாத உறுப்புதான். தேவையான மெத்தட்களுக்கு மட்டும் அந்தக் குறிப்பைப் போடுங்கள். எல்லாவற்றையும் திறந்துவிடும் 'ஆல்' நிலைக்கு மாற்றினால் விதி எழுதுபவர் 'கெட் கிளாஸ்' வரை எட்டிப் பார்க்கலாம்.

இரண்டாவது: ஜாவாஸ்கிரிப்ட் இருக்கும் கான்டெக்ஸ்டை வெவ்வேறு த்ரெட்கள் மாறி மாறிப் பயன்படுத்தலாம், ஒரே நேரத்தில் கூடாது. பைத்தான் மட்டும் இருந்தால் இது தெரிந்திருக்காது. ஒரே 'எஞ்சின்' (பல கான்டெக்ஸ்டுகள் பகிரும் கிரால்விஎம் பொருள்) உருவாக்கி, அதன்மேல் த்ரெட்டுக்கு ஒரு கான்டெக்ஸ்ட் வையுங்கள். மூலக் குறியீட்டைத் தாங்கும் 'சோர்ஸ்' பொருளையும் ஒருமுறை மட்டும் உருவாக்கி எல்லாவற்றுக்கும் அதையே கொடுத்தால், கம்பைல் செய்த குறியீட்டைப் பகிர்ந்துகொள்ள வழி இருக்கும். கான்டெக்ஸ்டை மூடிய பிறகு அதிலிருந்து எடுத்த 'வேல்யூ'வைத் தொட்டால் அதே வகை எக்ஸெப்ஷன்தான் வரும். அதனால் பதில் அனுப்பத் தேவையான எண்களையும் சரங்களையும் மூடுவதற்கு முன்பே ஜாவா வகைகளாக எடுத்து வைத்துவிடுங்கள்.