‘குயர் கோடிங்’: தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘பால்புதுமைக் குறியீட்டாக்கம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம். ‘குயர்’ என்பதற்குப் ‘பால்புதுமை’ சரி, புழக்கத்துக்கு வந்துவிட்டது. ‘குறியீட்டாக்கம்’தான் இடிக்கிறது, கேட்டதும் கணினி நிரல் ஞாபகம் வருகிறது. ‘மறைகுறிப்பு’ என்றாலோ மறைகுறியாக்கத்தோடு (என்கிரிப்ஷன்) குழம்பும்.

சொல் இருக்கட்டும், முதலில் பொருளைப் பார்ப்போம். ஒரு பாத்திரம் குயர் என்று வெளிப்படையாகச் சொல்லாமல், குறிப்பால் மட்டும் உணர்த்துவதுதான் ‘குயர் கோடிங்’. ஹாலிவுட்டில் 1934 முதல் ஹேய்ஸ் விதிகள் என்ற தணிக்கை விதிகளைக் கறாராக அமல்படுத்தினார்கள். தன்பாலீர்ப்பைத் திரையில் காட்டக் கூடாது, கோடிகாட்டவும் கூடாது. கோடிகாட்டாமலா விட்டார்கள்? 1941இல் வந்த ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ படத்தில் நடிகர் பீட்டர் லோரியின் பாத்திரம் அறைக்குள் வருவதற்கு முன்பே அவருடைய முகவரி அட்டை வந்துவிடுகிறது. அட்டையில் கார்டீனியா பூ மணக்கிறது. அவ்வளவுதான். அவர் தன்பாலீர்ப்பாளர் என்று புரிந்தவர்களுக்குப் புரிந்தது, மற்றவர்களுக்கு அது வாசனை பூசிய அட்டை.

இதற்கு நம்மிடம் பழைய சொல்லே உண்டு: உள்ளுறை. சங்கப் பாடல்களில் வெளியே ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றை உணர்த்துவது. மருதப் பாட்டில் எருமை தாமரையை மேய்ந்தால், தோழிக்குத் தெரியும் பேச்சு எருமையைப் பற்றியது இல்லை, தலைவனைப் பற்றியது என்று. ஆகவே என் பரிந்துரை ‘பால்புதுமை உள்ளுறை’. 1989இன் ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்துச் சூனியக்காரி அர்சுலாவை டிவைன் என்ற டிராக் கலைஞரின் (பெண்வேடமிட்டு நடிப்பவர்) சாயலில் வரைந்தார்கள். “அர்சுலா ஓர் உள்ளுறைப் பாத்திரம்.” வாக்கியத்தில் உட்காருகிறது, இல்லையா?

ஓர் உறுத்தல் மட்டும் உண்டு. நம் புலவர்களின் உள்ளுறை ஒரு நயம்; ஹாலிவுட்டுடையது தணிக்கைக் கத்தரிக்குப் பயந்தது. அப்படி ஒளிந்து வந்தவர்களில் பலர் வில்லன்கள் வேறு.

*

> ‘பால்புதுமை உள்ளுறை’

என் ஓட்டும் இதற்கே. 1961இல் ஹேய்ஸ் விதி தளர்ந்தது, 1968இல் போயே போனது. 1997இல் ‘எல்லன்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் நாயகி, விமான நிலையத்தில் மைக் முன்னால் நிற்பதைக் கவனிக்காமல் “நான் கே” என்று சொல்லிவிட, ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டுவிடுகிறது. அங்கே உள்ளுறைக்கு என்ன வேலை! (மறுவருடம் தொடர் நின்றுபோனது தனிக்கதை.)

அப்புறம், தடையே இல்லாத காலத்தில் ரசிகர்களைப் பிடித்துவைக்க இரண்டு ஆண்களுக்கு நடுவே ஜாடை மட்டும் காட்டி, சீசன் சீசனாக இழுக்கிறார்களே, ‘குயர் பெய்ட்டிங்’, அதை உள்ளுறையில் சேர்க்க மனம் வரவில்லை. ‘ஆசைகாட்டல்’ ரொம்பச் சாதுவாக இருக்கிறது. ‘ஜாடைத்தூண்டில்’ என்று போட்டுப் பார்க்கிறேன். இதைவிட நல்லதாகத் தோன்றினால் எழுதுங்கள்.