யூரோஸ்கோர் 2 சதவீதம் என்றால் பத்து வருஷத்துக்கு கியாரண்டியா?

பாலக்கோட்டான்:
ஓசூர்க்காரர் நேற்று ஒருவருக்கு இப்படிப் பதில் எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்கு யூரோஸ்கோர் 2 சதவீதம்தானே, வால்வு மாற்றிய பிறகு பத்து வருஷம் கவலையில்லை." படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. யூரோஸ்கோர் என்பது இதய ஆபரேஷனின் ஆபத்தைக் கணக்கிடும் ஸ்கோர். அந்த 2 சதவீதம், ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் முன் ஆஸ்பத்திரியிலேயே உயிர் போகும் வாய்ப்பு. 2012-ல் வந்த 'யூரோஸ்கோர் II' என்ற புதிய பதிப்பை அந்த மரணங்களை எண்ணித்தான் உருவாக்கினார்கள். பத்து வருஷம் அதில் எங்கே இருக்கிறது?

ஓசூர்க்காரன்:
தம்பி, படிக்காமல் பாய வேண்டாம். வால்வு ஆபரேஷன் ஆனவர்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து, பழைய யூரோஸ்கோர் கூடினால் ஆயுள் குறைகிறது என்று 2005-லேயே அமெரிக்க இதழில் ஆய்வு வந்துவிட்டது. வயது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், இதயம் பம்ப் செய்யும் திறன், நுரையீரல் அழுத்தம் எல்லாம் அந்த ஸ்கோரில் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் ஆளைக் கொல்வது வீட்டுக்கு வந்தபின் விட்டுவிடுமா? தக்காளி மண்டியில் உட்கார்ந்துகொண்டு இதயத்தைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள்.

பாலக்கோட்டான்:
மண்டியில் கணக்கு எழுதுகிறவன்தான், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஸ்கோர் கூடினவர் முன்னால் போவார், குறைந்தவர் பின்னால் போவார் என்பது வரிசை. எத்தனை வருஷம் என்பது வேறு கணக்கு. என் அக்காவுக்கு 34 வயதில் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில் உள்ள மைட்ரல் வால்வை மாற்றினோம், சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் கெட்டுப்போன வால்வு. ஸ்கோர் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. "ரொம்பக் கம்மி, பயமே இல்லை" என்று அந்த ஆஸ்பத்திரியில் சொன்னதை வீட்டில் எல்லோரும் காலத்துக்கும் என்று எடுத்துக்கொண்டோம். ஆறாவது வருஷம் நான்கு மாதம் ஐஎன்ஆர் (ரத்தம் கட்டாமலிருக்கத் தரும் மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் விட்டாள். மெட்டல் வால்வில் ரத்தம் கட்டிவிட்டது. ஐஎன்ஆர் அந்த ஸ்கோரில் இருக்கிறதா? இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்கூட அதில் கிடையாது. பத்து வருஷம் எங்கே இருக்கிறது என்று மறுபடியும் கேட்கிறேன்.

அரூர் நர்ஸ்:
மைட்ரல் மெட்டல் வால்வுக்குப் பொதுவாக ஐஎன்ஆர் 2.5-லிருந்து 3.5 வரை இருக்க வேண்டும். கீரை நிறையச் சாப்பிட்டிருப்பார்கள், அதனாலும் குறைந்திருக்கும்.

பாலக்கோட்டான்:
நர்ஸ் அக்கா, கீரையை நிறுத்து என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பேரைப் பயமுறுத்தி வைத்திருக்கிறீர்கள். வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் அதற்குத் தகுந்தபடி மாத்திரையை வைத்துக்கொள்ளலாம்.

அரூர் நர்ஸ்:
நிறுத்தச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? மேலே போய்ப் படியுங்கள்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
வெளிநாட்டில் வயதானவர்களின் சுண்ணாம்பு படிந்த வால்வுதான் அதிகம். நம் ஊத்தங்கரைப் பக்கம் இருபது, முப்பது வயதிலேயே ருமாட்டிக். வயதுக்கு அவ்வளவு எடை தரும் ஸ்கோரில் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் குறைவாகத்தானே காட்டும்? ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமலிருக்க 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசியைத் தவறாமல் போட்டார்களா என்றும் அது கேட்பதில்லை.

ஓசூர்க்காரன்:
43 நாடு, 22,000 பேருக்கு மேல் வைத்துச் செய்ததை மாந்தோப்பில் இருந்தபடி தள்ளிவிடுகிறீர்கள். பாலக்கோட்டானின் அக்கா மாத்திரையில் கவனம் தவறியது ஸ்கோரின் குற்றமா? போன வருஷம் டயாலிசிஸ் பேச்சிலும் இதே ஆள் இதே மாதிரி ஒரே வரியைப் பிடித்துத் தொங்கினார்.

பாலக்கோட்டான்:
டயாலிசிஸ் பேச்சில் நான் சொன்னதுதான் சரி, அதையும் நீங்கள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா மேல் பழி போடாதீர்கள். ஐஎன்ஆர் பார்க்க எங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும், ஓசூரில் இருப்பவருக்கு அது தெரியாது. அந்த அப்பாவின் மகன் உங்கள் பதிலை நம்பி ஐஎன்ஆரை விட்டால் யார் பொறுப்பு? மூன்றாவது தடவை கேட்கிறேன், பத்து வருஷம் எங்கே எழுதியிருக்கிறது?

ஓசூர்க்காரன்:
2005 ஆய்வைப் படியுங்கள்.

பாலக்கோட்டான்:
அது வரிசை. வருஷம் எங்கே?

அரூர் நர்ஸ்:
கீரையை நிறுத்து என்று நான் சொல்லவே இல்லை. முதலில் அதைத் திருத்துங்கள்.